நடந்ததற்குக் கைதட்டினார்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊரே நின்று எனக்குக் கைதட்டியது. நடந்ததற்காக.

தோட்டத்தில் இருட்டோடு எழும்பிப் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையில் மரத்துக்கு மரம் ஏறி இறங்கி ரப்பர் பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்த காலத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. "வெரசா நட" என்று கங்காணி கத்துவார். எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

இங்கே இத்தாலியில், வெரோனாவில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு இப்படி நடக்கிறார்கள். புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் நடப்பார்கள். அவர்கள் குடும்பமும் நடக்கும். செத்தவர்களின் குடும்பமும் நடக்கும். பூங்காவில் தொடங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சுற்றிக்கொண்டு அதே பூங்காவுக்கு வந்து சேர வேண்டும். சேரும் காசு ஆஸ்பத்திரிக்குப் போகும். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை.

எனக்கு அந்த நோய் வந்தது இரண்டு வருடத்துக்கு முன். இடது மார்பில். எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போனது, திரும்ப வந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, ஒன்றும் இல்லை என்கிறார்கள். என்னைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு.

இதை எழுதுவது என் தங்கச்சியைப் பற்றி.

2

நான் இலங்கையில் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்வெட்டுக்குப் போனேன். கல்யாணம் முடித்தேன். மகள் நிர்மலா பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது இங்கே வந்தேன். வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கன்னியாஸ்திரிகள் தேடினார்கள். எனக்கு முன் கேட்ட இரண்டு பேர் பயந்துவிட்டார்கள். நான் பயப்படவில்லை என்று இல்லை. வந்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்காரர் இவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகன் ஸ்டீபன் இங்கே பிறந்தான்.

தங்கச்சி பெயர் பிலோமினா. பிலோ என்போம். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவள் இன்னும் அதே தோட்டம், அதே வரிசை வீட்டு லயம், அதே பால்வெட்டு. புருஷன் சந்தியாகு, சாது. ஒரே மகள் ரெஜினா. கல்யாண வயது.

தோட்டத்தில் கைபேசி எடுபடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோ தெரணியகலை டவுனுக்கு இறங்குவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. முதலாளி அவளை ஸ்டூலில் உட்கார வைப்பார். நான் இங்கிருந்து போன் அட்டை வாங்கி அந்தக் கடைக்கு எடுப்பேன். இத்தனை வருடமாக எங்கள் உறவு அந்த ஸ்டூலில்தான் இருக்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிறு. மழை, ரெஜினாவுக்கு வந்த சம்பந்தம், கோயில் கூரை ஒழுகுவது, எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒனக்கு மொதல்ல எப்பிடி இருந்திச்சு?"

"என்னா எப்பிடி?"

"அதான். அந்த இது."

"கொட்டப்பாக்கு மாதிரி. வலி இல்ல."

"ம்."

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

சும்மா யாரும் இதைக் கேட்பதில்லை. விடாமல் கேட்டேன். வந்தது. வலது பக்கம். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டவுன் டொக்டர் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

"போனியா?"

"போகணும்."

அந்தப் 'போகணும்' எட்டு மாதம் இழுத்தது.

3

தோட்டத்தில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது. 'அது' என்பார்கள். இங்கே நான் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் பெயர் சொல்ல மாட்டார். 'அசிங்கமான நோய்' என்பார், அதுவும் குரலை இறக்கி. எனக்கு வந்தபோது பக்கத்தில் வந்து, "உனக்கு அந்த அசிங்கமான நோயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுதார். பிறகு டீயில் சீனி பற்றாது என்றார்.

எங்கள் லயத்தில் கடைசிக் காம்பிரா வீட்டில் சவரியம்மா என்று ஒருவர் இருந்தார். ரப்பர் பால் தெறித்துத்தான் மார்பில் கட்டி வந்தது என்றார்கள். தனித் தட்டு, தனிக் கோப்பை. சேலையைக் குறுக்கே கட்டி மறைத்துப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். நானும் பிலோவும் அந்த வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பிலோ மனதில் இன்னும் அந்தச் சேலைதான் தொங்குகிறது. எனக்குத் தெரியும்.

ஆனால் வாயில் வேறு காரணம் சொல்வாள்.

"ரெஜினா கல்யாணம் முடியட்டும் அக்கா. பெல்மதுளைப் பக்கத்துப் பையன். நல்ல எடம். ஆத்தாளுக்கு அது இருக்குன்னு தெரிஞ்சா மகளுக்கும் வரும்னு சொல்லி விட்டுப் போயிருவாங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்து கல்யாணம் தள்ளிப் போனது. பிலோவும் தள்ளிப் போட்டாள்.

ஒரு ஞாயிறு நன்றாக ஏசினேன்.

"என்னயப் பாரு. எனக்கும் வந்திச்சு. நான் உசுரோட இல்லியா?"

"ஒனக்கென்னா. நீ வெளிநாட்டுல இருக்க. அங்க செத்தவன எழுப்பி ஒக்கார வச்சி டீ குடுப்பான். இங்கன பொழச்ச ஒரு ஆளச் சொல்லு பாப்போம். ஒரே ஒரு ஆளு."

சொல்ல எனக்கு ஆள் இல்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாரும் செத்தவர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நான் பிழைத்து என்ன பிரயோசனம்? யாருக்கு அது ஒரு சாட்சியாக வேண்டுமோ அவளே ஒப்பவில்லை.

சந்தியாகுவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"அண்ணி, நான் சொன்னா கேக்குறாளா? ஜெபம் பண்ணுறோம்" என்றார்.

"ஜெபத்த பஸ்ஸுல போகும்போது பண்ணுங்க" என்றேன்.

சிரித்தார். போகவில்லை.

நானே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அதற்கும் வழி இல்லை. தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். அட்டை கையில் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வருவது சிரமம் என்றார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடாததால் போனேன். ஒரு கவுண்டரில் அடுத்த கவுண்டரைக் காட்டினார்கள். அடுத்த கவுண்டரில் முதல் கவுண்டரைக் காட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவள். "பொறுமை, அம்மா" என்றாள். எனக்கு ஊசி போட்டவர்கள் எல்லாரும் 'தைரியம்' என்றார்கள். காகிதம் பார்ப்பவர்கள் எல்லாரும் 'பொறுமை' என்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

4

இந்த நடைக்கு எங்கள் பெயரைக் கொடுத்தது நிர்மலா. என்னைக் கேட்கவில்லை. நான்கு பேருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு சாயங்காலம் சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று வெள்ளை. ஒன்று ரோஸ்.

"ரோஸ் யாருக்கு?"

"உங்களுக்கு அம்மா. சுகமானவங்களுக்கு ரோஸ்."

"அந்தக் கலர் எனக்கு வேணாம். தூரத்துல இருந்தே தெரியும்."

"தெரியணும்னுதான் ரோஸ்."

"யாருக்குத் தெரியணும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. எட்டு வயதில் வந்தவள். கோபம் வந்தால் தமிழ் நின்றுவிடும். கொஞ்சம் இத்தாலியத்தில் அவளுக்குள் பேசினாள். பிறகு சொன்னாள்.

"உங்களுக்கு மரியாத செய்யத்தான் நாங்க நாலு பேரும் ஒண்ணா போறோம்."

"மரியாதய வீட்டுல செய். அந்தச் சட்டியக் கழுவு."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "புள்ள ஆசப்படுது. வந்தாத்தான் என்னா? மலை ஏறச் சொல்லுதா?" என்றார்.

"ஞாயித்துக்கிழம காலையில. பிலோ கடையில வந்து ஒக்காந்திருப்பா."

"நடந்துக்கிட்டே பேசு. வாயா நடக்கப் போகுது?"

ஸ்டீபன் தலையைத் தூக்காமல் இத்தாலியத்தில் ஏதோ சொன்னான். அவனுக்குத் தமிழ் விளங்கும். பேச வராது. என்ன சொன்னான் என்று நிர்மலாவைக் கேட்டேன்.

"அம்மா வராட்டி நானும் போக மாட்டேன்றான். அவன் வகுப்புக்குச் சொல்லியிருக்கானாம், எங்க அம்மா ரோஸ் சட்டைன்னு."

எனக்கு அந்த நோய் வந்ததை எங்கள் சர்ச்சில் பாதிப் பேருக்கு நான் சொல்லவில்லை. இவன் ஒரு வகுப்புக்கே சொல்லியிருக்கிறான். ஏசலாம் என்று பார்த்தேன். என்ன சொல்லி ஏசுவது என்று தெரியவில்லை. போகிறேன் என்றேன்.

5

பூங்கா நிறையச் சனம். வெள்ளைச் சட்டை முதுகில் ஒரு காகிதம் குத்தித் தருகிறார்கள். யாருக்காக நடக்கிறோம் என்று அதில் எழுத வேண்டும். என் மூன்று பேர் முதுகிலும் 'அம்மாவுக்காக' என்று இத்தாலியத்தில் நிர்மலா எழுதினாள். இவர் திரும்பித் திரும்பி முதுகைப் பார்க்கப் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"ஒன் பேரப் போட்டிருக்கலாம். அம்மான்னா எங்க ஆத்தான்னு நெனச்சிக்குவாங்க."

அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்றாக நடக்கலாம் என்று சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தார்கள்? கயிறு கட்டிய இடத்துக்கு வந்ததும் ஒரு பெண் என் சட்டையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தாள். ரோஸ் முன்னால் போக வேண்டுமாம். வெள்ளை பின்னால். குடும்பம் என்றேன். தெரியும், குடும்பம் பின்னால் என்றாள். நிர்மலா அவளோடு பேசிப் பார்த்தாள். ஒழுங்கு ஒழுங்குதான். அந்தச் சட்டையைக் கழற்றினால்தான் நான் என் பிள்ளைகளோடு நடக்கலாம்.

முன்னால் போனேன். எல்லாம் பெண்கள். கிழவிகள், நடுத்தரம், நிர்மலாவைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள் ஒருத்தி. எல்லாரும் ரோஸ். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் பிடித்தார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேடையில் ஒரு பெண் மைக்கோடு நின்றாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏதோ கேட்டு, அவர்கள் சொல்வதை மைக்கில் சொன்னாள். கைதட்டு. அடுத்தவர். கைதட்டு. நான் பின்னால் ஒதுங்கினேன். தள்ளிவிட்டார்கள்.

மைக்குக்காரி குனிந்து, "அம்மா, எத்தனை வருடம்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். பஸ்ஸில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், கவுண்டரில் கேட்பார்கள். வெளியூர் முகத்தைப் பார்த்தால் இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். இத்தாலிக்கு வந்து எத்தனை வருடம்? யோசிக்க வேண்டியதே இல்லை.

"பதினான்கு" என்றேன்.

அவள் வாயைப் பிளந்தாள். மைக்கில் கத்தினாள். பதினான்கு வருடம்! சனம் முழுக்கக் கையை உயர்த்தித் தட்டியது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ என் கையில் ஒரு பூவைத் திணித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த நாட்டில் இருந்ததற்கு இவ்வளவு கைதட்டா? அப்படியென்றால் அந்த அட்டையை முதலில் கொடுங்கள்.

பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிர்மலா இரண்டு விரலைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு, அம்மா! ரெண்டு! நோய் வந்து எத்தன வருஷம்னு கேக்குறாங்க!"

அப்போதுதான் விளங்கியது. அதற்குள் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். இல்லை, பிழை என்று சொல்ல மைக்கைத் தேடிப் போக முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு நடக்கத் தொடங்கினேன். வெரசாக. பால்வெட்டுக்குப் போனவளுக்கு உலாத்தத் தெரியாது. கூட்டத்தில் பாதியைத் தாண்டிவிட்டேன்.

6

பாலத்துக்குக் கிட்டே பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கே, பொட்டக் இன்ன." சிங்களம். கொஞ்சம் நில்லுங்க அக்கா என்கிறாள்.

திரும்பினேன். என் வயது இருக்கும். ரோஸ் சட்டை. மூச்சு வாங்குகிறது.

"ஒயா லங்காவெத?"

இலங்கைதான் என்றேன், சிங்களத்திலேயே. நாங்கள் சப்ரகமுவைக்காரர்கள். சிங்களம் எங்களுக்கு இன்னொரு வாய். தெரணியகலை என்று சொன்னதும் அவள் நெஞ்சில் கையை வைத்தாள். அவள் எஹெலியகொடை. ஒரு பஸ் தூரம். பெயர் நந்தனி. என்னைத் தமிழ் என்று தெரிந்துகொண்டாள். முகம் மாறவில்லை. நாட்டில் சண்டை நடக்கும் காலம். இங்கேயும் அவர்களில் சிலர் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள், நாங்களும் பார்ப்போம். இவள் பார்க்கவில்லை.

அவளுக்கு ஒன்பது வருடம். பதினான்கு என்று கேட்டதும் அந்த ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓடிவந்திருக்கிறாள்.

உள்ளதைச் சொன்னேன். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிலோ ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஆகிவிட்டது.

"நீங்க எங்க காட்டினீங்க?" என்று கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க அப்படித்தான் வந்தது.

"வேற எங்க. மகரகமை."

"இங்க இல்லியா?"

"இங்க வந்தது அதுக்குப் பொறவு. வெட்டினது, மருந்து ஏத்தினது, கதிர் அடிக்கிற கரண்ட் பிடிச்சது, எல்லாம் மகரகமை."

நான் அவள் கையைப் பிடித்தேன். விடவில்லை. மற்றக் கையால் கைபேசியை எடுத்துப் போன் அட்டை இலக்கத்தை அடித்தேன். இரண்டு தடவை பிழையாய்ப் போனது. மூன்றாவது தடவை கடை முதலாளி எடுத்தார். பிலோவிடம் கொடுத்தார்.

"என்னாக்கா இவ்வளவு நேரம்? பஸ் போயிரும்."

"பேசாத. ஒரு ஆளு பேசுவாங்க. கேளு."

"யாரு?"

"ஒரு ஆளு கேட்டல்ல? பேசு."

கைபேசியை நந்தனியிடம் கொடுத்தேன். விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"நங்கி, பய வென்ன எப்பா" என்றுதான் தொடங்கினாள். பயப்படாதே தங்கச்சி. அதற்குப் பிறகு பயம், தைரியம் என்று ஒரு பேச்சும் இல்லை. எந்த பஸ் என்று சொன்னாள். அவிசாவளையில் இறங்கு, அங்கிருந்து ஹைலெவல் ரோட்டால் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறு, ஆஸ்பத்திரி என்று சொன்னால் கொண்டக்டர் இறக்கிவிடுவான். வெள்ளனப் போ. சாப்பாடு கட்டிக்கொண்டு போ. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடு, கழற்ற லேசு. அடையாள அட்டையை மறக்காதே. வெட்கப்பட்டால் அங்கே இருக்கிற நர்ஸ் ஏசுவாள், ஏசினால் பேசாமல் இரு, நல்ல மனுஷி. சவுரி முடி வைத்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ, கழற்ற வேண்டியது ஒன்று குறையும்.

பிலோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். நந்தனி என்னைப் பார்த்துக்கொண்டே தன் மார்பில் தட்டிக் காட்டினாள், பிலோவுக்கு அது தெரிகிற மாதிரி.

"ஓவ், ஆமா. இல்ல. ஒரு பக்கம் இல்ல. பஞ்சு வச்சிருக்கேன். கல்யாண வீட்டுக்கும் போறேன், ஒருத்தருக்கும் தெரியாது."

கடைசியாகச் சொன்னாள். என் தங்கச்சி அவிசாவளையில் இருக்கிறாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவள் அவள்தான். புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். நீ வராவிட்டால் அவள் அரை நாள் அங்கேயே நிற்பாள். அது பாவம்.

எங்களைத் தாண்டி ரோஸ் சட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. பாலத்தின் இரண்டு பக்கமும் சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம்.

கைபேசி என்னிடம் வந்தது.

"அக்கா."

"சொல்லு."

"புதன்கெழம போறேன்."

எட்டு மாதம். எத்தனை ஞாயிறு. எத்தனை போன் அட்டை. என் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"நான் சொன்னப்ப ஒனக்கு ஏறல. எவளோ ஒருத்தி சொன்னா ஏறுதா? நான் ஒன் கூடப் பொறந்தவ."

"நீ ஏசுற. அவுங்க பஸ் சொன்னாங்க."

பிறகு, "அந்த அக்காவோட தங்கச்சி காத்துக்கிட்டு நிக்குமே. போகாட்டி நல்லாவா இருக்கும்?" என்றாள்.

என் மனம் நோவதைப் பற்றி அவள் எட்டு மாதமாக நினைக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. எனக்குச் சந்தோசப்பட வேண்டிய நேரம். ஆத்திரம்தான் வந்தது. எனக்குத் தெரிந்த ஊர், தெரிந்த ரோடு, தெரிந்த பஸ். நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

7

வெள்ளைச் சட்டைகள் வந்து சேர்ந்தபோது நான் பாலத்திலேயே நின்றேன். நந்தனி அவள் வேலை வீட்டுக்கு நேரம் ஆகிறது என்று போய்விட்டாள். அவள் தங்கச்சி இலக்கத்தைப் பேனாவால் என் கையில் எழுதிவிட்டுப் போனாள்.

நிர்மலாவுக்கு முகம் சிவந்திருந்தது.

"நாங்க உங்களத் தேடிக்கிட்டே வாறோம். முடிவுக் கோட்டுல ரோஸ் எல்லாரையும் வரிசையா நிறுத்திப் படம் எடுப்பாங்க. முடிஞ்சிருக்கும். அதுக்குத்தானே வந்தோம்?"

"பிலோ சித்தி புதன்கெழம மகரகமைக்குப் போறா" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை அவளைக் குளிப்பாட்டித் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது பிலோ. அந்தக் கட்டியைப் பற்றி அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. பரீட்சை நேரம் என்று விட்டிருந்தேன்.

"எப்ப இருந்து?"

சொன்னேன்.

"எனக்கு ஏன் சொல்லல? நான் பேசியிருப்பேனே. சித்தி நான் சொன்னா கேப்பாங்க."

நடுரோட்டில் அழுதாள். 'அம்மாவுக்காக' என்று முதுகில் குத்தியிருந்த காகிதம் குலுங்கியது. கைதட்டும் சனம் அதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டியது. எனக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

இவர் எங்கள் மூன்று பேரையும் பாலத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். மிச்ச தூரத்தை நான்கு பேரும் சேர்ந்தே நடந்தோம். பூங்கா வாசலில் அந்தக் கயிற்றுக்காரப் பெண் என் சட்டையைக் காட்டி முன்னால் போகச் சொன்னாள். போகவில்லை.

8

வியாழக்கிழமை கடையிலிருந்து மிஸ்ட் கோல் வந்தது. வேலை வீட்டு அம்மாவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுத் திருப்பி எடுத்தேன்.

போயிருக்கிறாள். நந்தனியின் தங்கச்சி மஞ்சள் குடையோடு நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சனம். பார்த்தார்கள். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து எடுத்தார்கள். முடிவு சொல்ல அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன என்று இன்னும் தெரியாது.

"டொக்டர் என்னா சொன்னாரு?"

"ஏன் இவ்வளவு நாள் வரலன்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நீ ஏசுற மாதிரியேதான் ஏசுனாரு."

பிறகு குரலை இறக்கினாள். கடை முதலாளிக்குக் கேட்கக் கூடாது என்றுதான் இருக்கும்.

"அக்கா, அங்க நம்ம ஆளு ஒருத்தரப் பாத்தேன்."

"யாரு?"

"கங்காணி பொஞ்சாதி."

பெஞ்சில் இரண்டு வரிசை முன்னால் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிலோவைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பிலோவும் குனிந்துகொண்டாள். அப்படியே மத்தியானம்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது அவிசாவளையில் ஒரே பஸ். ஒரே சீட்டுத்தான் காலி.

"மூணு வருஷமாப் போய் வாறாங்களாம். வெட்டி எடுத்தாச்சாம். அவிசாவளையில மகன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் இத்தன நாளும் போறது."

மூன்று வருடம். எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பிலோ எட்டு மாதம் அந்தக் கட்டியோடு அந்தப் பீலியில் அவர் பக்கத்தில் குடத்தோடு நின்றிருக்கிறாள்.

யாரை ஏசுவது?

"பொறவு?"

"தெரணியகலைக்கு வரும்போது தோட்டத்து பஸ் போயிருச்சு. த்ரீவீலர்காரன் மழைக்கு மேல வர மாட்டேன்னுட்டான். ரெண்டு பேரும் நடந்துட்டோம். அவுங்க கிட்டக் கொட இருந்திச்சு. என்னென்னா சாப்புடக் கூடாது, என்னென்னா தூக்கக் கூடாதுன்னு எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாங்க. நல்லாச் சிரிச்சோம் அக்கா. லயம் கிட்ட வந்ததும் அவுங்க முன்னால போயிட்டாங்க. நான் கொஞ்சம் நின்னுட்டுப் போனேன். ஒண்ணா வந்தது தெரியக் கூடாதுன்னு."

"நான் இத எழுதப் போறேன்" என்றேன். "நம்ம ஊரு பத்திரிகைக்கு."

அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"பேரப் போடாத" என்றாள்.

போடவில்லை. தங்கச்சி பெயர் பிலோ இல்லை. மற்றவர் கங்காணி மனைவியும் இல்லை. எந்தத் தோட்டம் என்று தேட வேண்டாம். உங்கள் அடுத்த காம்பிராவாகவும் இருக்கலாம்.